பெட்டைக் குட்டிகளுக்கு யார் பொறுப்பு?

நாயை உயிராய் நேசிக்கிறவர்கள்தான் கருத்தடைக்கு முதலில் முன்வர வேண்டும்

மார்கழிக் கடைசியிலோ தை பிறந்த பிறகோ ஏதாவது ஓர் ஊர்ச் சந்தைக்குக் காலையில் போய்ப் பாருங்கள். காய்கறிக் கழிவு கொட்டும் மூலையில், கோணிச் சாக்கிலோ அட்டைப் பெட்டியிலோ நான்கைந்து நாய்க்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கண் திறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு தடவினால் தட்டுப்படும். தூக்கிப் பார்த்தால் அநேகமாக எல்லாமே பெட்டை. கடுவன் குட்டிகள் அந்த மூலை வரைக்கும் வருவதில்லை. பால்காரர், ஆட்டோக்காரர், அடுத்த தெருப் பையன் என்று யாராவது முன்பே கேட்டு வாங்கிப் போயிருப்பார்கள். "பொட்டைன்னா வேணாம்பா, வருஷா வருஷம் குட்டி போடும், யாரு பார்க்கிறது?" என்று சொன்ன வீடுகள் ஒதுக்கிய குட்டிகள்தான் சாக்கில் கிடப்பவை.

அந்தச் சாக்கைக் கொண்டுவந்து வைத்தவர் கல்நெஞ்சக்காரராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவரே நாய் வளர்ப்பவர். தாய் சினையாக இருந்தபோது முட்டையும் பாலும் வாங்கி ஊற்றியவர். குட்டி போட்ட ராத்திரி பழைய புடவையை விரித்து, விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். ஆறு குட்டிக்கு இடம் கேட்டு அலைந்து, இரண்டுக்குத்தான் ஆள் கிடைத்தது என்றதும், சந்தையில் விட்டால் நாலு பேர் ஏதாவது போடுவார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டவர். அவருடைய பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. அந்தப் பாசம் செய்ய மறந்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சந்தையில் விடப்பட்ட குட்டிகள் என்ன ஆகின்றன? கொல்கத்தாவில் உள்ள ஐசர் (IISER) அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் மேற்கு வங்கத் தெருக்களில் 95 ஈத்துகளில் பிறந்த 364 குட்டிகளைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வின்படி, இனப்பெருக்க வயதான ஏழாவது மாதத்தை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. மீதி எல்லாம் அதற்குள் போய்விட்டன. அந்தச் சாவுகளிலும் 63 சதவீதத்துக்கு மனிதர்கள்தான் ஏதோ ஒரு வகையில் காரணம். வண்டிச் சக்கரம், அடி, விஷம் எல்லாம் அதில் அடக்கம். அதாவது ஐந்து குட்டி பிறந்தால் ஒன்றுதான் பெரிதாகிறது. தாயோடு இருந்து பால் குடித்த குட்டிகளின் கதியே இதுதான்.

கருத்தடை என்றதும் "பிறக்க வேண்டிய உயிரைத் தடுப்பது பாவமில்லையா?" என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் நான் சொல்வேன். நாம் தடுப்பது பெரும்பாலும் பிறப்பையல்ல. பிறந்த சில வாரத்திலேயே பார்வோ வைரஸ் தொற்றி ரத்தமாகக் கழிந்தும், லாரியின் அடியில் சிக்கியும் வரும் சாவைத்தான்.

உடம்புக்குள் நடப்பது

பெட்டை நாய் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் முதல் முறை ஹீட்டுக்கு வரும். பிறகு ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரம். முதல் வாரம் பத்து நாள் ரத்தம் சொட்டும். அந்த நாட்களில் கடுவனை அண்ட விடாது. ரத்தம் வெளிறி, கசிவு குறையும்போது, "அப்பாடா, முடிஞ்சிருச்சு" என்று நாம் கேட்டைத் திறந்துவிடுகிற அந்த நாட்கள்தான் சினை பிடிக்கும் நாட்கள். வீட்டு நாய்கள் 'எப்படியோ' குட்டி போட்டுவிடுவதன் ரகசியம் பாதி இதில் இருக்கிறது. அதன்பின் ஏறக்குறைய 63 நாளில் குட்டிகள்.

தெருவில் இந்த நாட்கள் எப்படிப் போகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தை ஒட்டி, ஐப்பசி கார்த்திகையில், ஒரு பெட்டைக்குப் பின்னால் எட்டுப் பத்துக் கடுவன்கள். அது சோறு தின்ன முடியாது, படுக்க முடியாது. கார் அடியில் ஒண்டினால் அங்கேயும் மோப்பம் பிடித்து வரும். கடுவன்களுக்குள் சண்டை மூண்டு காது கிழியும், கழுத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையில் ஈ மொய்த்து, புழு வைத்து, ஒரு வாரத்தில் நாற்றம் அடிக்கும். நடுவில் சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளை பயந்து ஓடினால் அதற்கும் கடி விழும். ஊரில் நாய்க்கடி பற்றிப் பேசும் நாம் இந்த இரண்டு மாதக் கூத்தை ஏனோ சேர்த்துப் பேசுவதில்லை.

இதோடு ஒரு புற்றுநோயும் சேர்ந்துகொள்கிறது. இணைசேரும்போது ஒரு நாயின் புற்றணுவே இன்னொரு நாயின் உறுப்பில் ஒட்டி, அங்கே வளரத் தொடங்கும். கிருமி எதுவும் நடுவில் இல்லை, அணுவே தொற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய அந்தப் புற்று இன்றும் நாயிலிருந்து நாய்க்குத் தாவிக்கொண்டிருக்கிறது. பின்புறம் ரத்தம் சொட்டச் சொட்டக் காலிஃபிளவர் போன்ற கட்டியோடு திரியும் தெருநாயைப் பார்த்து முகம் திருப்பியிருப்பீர்கள். வாரம் ஓர் ஊசி என்று சில வாரம் வின்கிறிஸ்டின் என்ற மருந்தை ஏற்றினால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால், தெருவில் திரியும் நாயை வாராவாரம் யார் பிடித்துக்கொண்டு போவது? இணைசேரல் நின்றால் இந்த நோயின் பாதையே பெருமளவு அடைபடும்.

வீட்டுக்குள் பத்திரமாக வளரும் நாய்க்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது: கருப்பையில் சீழ். ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் வரும். நாய் திடீரென்று தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சில நேரம் பின்புறம் சீழ் கசியும். சில நேரம் கசியவே கசியாது. சீழ் உள்ளேயே தங்கிக் கருப்பை உப்பிவிடும். அது இன்னும் மோசம். ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து எடுத்த கணக்கில், கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வந்திருக்கிறது. அப்போதும் செய்வது அதே அறுவை சிகிச்சைதான். ஆனால் வயதான, காய்ச்சலில் துவண்ட, சிறுநீரகம் தடுமாறும் உடம்பில் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்ய வேண்டியிருக்கும். ஒரு வயதிலேயே செய்திருந்தால் சாயந்தரமே வாலாட்டிக்கொண்டு வீடு திரும்பியிருக்கும் நாய் அது.

மேசையில்

ஆபரேஷன் என்றால் என்னவென்று தெரியாததால்தான் பாதிப் பயம். நடப்பதைச் சொல்கிறேன்.

முந்தின ராத்திரியிலிருந்து சாப்பாடு கிடையாது. காலையில் எடை போட்டு, முடிந்த இடங்களில் ரத்தம் பரிசோதித்து, மயக்க ஊசி. கால்கள் தளர்ந்து நாய் சரிந்ததும் தூக்கி மேசையில் கிடத்துவார்கள். மயக்கத்திலும் நாயின் கண் திறந்தேதான் இருக்கும். அது வறண்டுவிடாமல் இருக்க ஒரு களிம்பு தடவுவார்கள். நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துவிடுவார்கள். வயிற்றில் முடி மழித்து, பழுப்பு நிற அயோடின் பூசி, உள்ளங்கை அகல ஓட்டை போட்ட பச்சைத் துணியை மேலே விரிப்பார்கள். வெட்டு பெரிதாக இருக்காது. கைதேர்ந்த டாக்டர் கொக்கி போன்ற ஒரு கருவியை உள்ளே விட்டு, பேனா ரீஃபில் தடிமன்கூட இல்லாத கருப்பைக் குழலை வெளியே எடுப்பார். இரண்டு பக்கமும் சினைப்பைக்குப் போகும் ரத்தக் குழாயை நூலால் இறுகக் கட்டி, சினைப்பையையும் கருப்பையையும் அறுத்து எடுத்துவிட்டு, அடுக்கடுக்காகத் தையல். பழகிய கை என்றால் கொஞ்ச நேர வேலை. கடுவனுக்கு இன்னும் சுலபம். வயிற்றைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. விரைகளை மட்டும் எடுத்தால் போதும்.

தெருநாயாக இருந்தால் மயக்கத்திலேயே காது நுனியில் 'வி' போல ஒரு சின்ன வெட்டு. இனி அதைப் பார்த்தாலே இதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று எந்த ஊழியருக்கும் தெரியும்; மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். கூடவே வெறிநோய்த் தடுப்பூசி. சில நாள் கூண்டில் வைத்து, காயம் ஆறியதும் எந்த இடத்தில் பிடித்தார்களோ அதே இடத்தில் விட வேண்டும் என்பது பொதுவான விதி. வீட்டு நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழுத்தில் புனல், தையலை நக்க விடாமல் ஒரு காவல். அவ்வளவுதான்.

மறுப்பவர்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். "ஒரு தடவையாச்சும் தாயாகட்டுங்க, பாவம்" என்பார் எங்கள் தெருவில் நாய் வளர்க்கும் ஓர் அம்மா. ஒருமுறை குட்டி போட்டால்தான் பெட்டைக்கு உடம்பு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. நேர்மாறாகத்தான் தரவுகள் சொல்கின்றன. முதல் ஹீட்டுக்கு முன்பே செய்த நாய்களுக்கு மடிப் புற்று மிக அரிது என்று 1969-லேயே அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்று பின்னாளில் விவாதங்கள் வந்தன. ஆனால் குட்டி போட்டால் நல்லது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

"கடுவனுக்குச் செஞ்சா ஆம்பளைத்தனம் போயிடும், காவல் காக்காது" என்பது அடுத்தது. காளைக்குக் காயடித்து ஏரில் பூட்டிய ஊர் நம்முடையது. காயடித்த காளை உழைப்பில் குறைந்தது என்று எந்த விவசாயியும் சொல்லிக் கேட்டதில்லை. நாய்க்கு மட்டும் அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வது நம்முடைய கூச்சம், நாயுடையதல்ல. கேட்டில் அந்நியர் நின்றால் குரைப்பது அதன் பழக்கமும் வளர்ப்பும். கருத்தடையால் குறைவது, பெட்டை வாசம் பிடித்து மதில் தாண்டி ஓடுவதும் ஊர் நாய்களோடு கடிபட்டு வருவதும்.

பாதகமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு எடை கூடும். சோற்றைக் குறைத்து நடையைக் கூட்ட வேண்டும். சில பெட்டைகளுக்கு, குறிப்பாகப் பெரிய உடம்புக்காரிகளுக்கு, வயதானபோது தூக்கத்தில் சிறுநீர் கசியலாம், மருந்து உண்டு. கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன்பே செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013-ல் கண்டார்கள். ஆகவே பெரிய இன நாய் வைத்திருப்பவர்கள் எந்த வயதில் செய்வது என்று டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம். அதுவரை கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும். பயத்தால் கடிக்கும் நாய் கருத்தடையால் மட்டும் சாந்தமாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பயிற்சிதான் வேண்டும்.

சென்னை காட்டிய வழி

இந்தியாவில் தெருநாய்க்குக் கருத்தடை என்ற யோசனை வேரூன்றியது சென்னையில் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. விமானி கேப்டன் வி.சுந்தரமும், நாட்டின் முன்னோடிப் பெண் விமானிகளில் ஒருவரான அவருடைய மனைவி உஷாவும், மகன் சின்னி கிருஷ்ணாவும் 1959-ல் தொடங்கிய விலங்குநல அமைப்பு புளூ கிராஸ். மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. அந்த வேலை 19-ம் நூற்றாண்டிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொன்றும் நாய் குறையவில்லை. குப்பையும் எச்சில் சோறும் இருக்கிற வரைக்கும், கொன்ற நாய்களின் இடத்துக்கு அடுத்த தெரு நாய்கள் வரும். தீனி தாராளமாகக் கிடைப்பதால் அவற்றின் குட்டிகளில் கூடுதலாகப் பிழைக்கும். இதைப் புரிந்துகொண்டு, கொல்வதற்குப் பதில் ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விடுவோம் என்று புளூ கிராஸ் 1964-ல் முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க முப்பதாண்டுக்கு மேல் ஆனது. 1996-ல்தான் கொலை நின்று கருத்தடை தொடங்கியது. அந்த வழியே 2001-ல் நாடு முழுமைக்குமான விதியாகி, 2023-ல் புதுப்பிக்கப்பட்டது.

பலன் உண்டா என்றால், ஜெய்ப்பூரைப் பார்க்கலாம். அங்கே 1994 முதல் ஒரு தொண்டு நிறுவனம் விடாமல் செய்தது. பெட்டைகளில் ஏறக்குறைய 65 சதவீதத்துக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆனபோது, அந்தப் பகுதியில் நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. மனிதர்களுக்கு வெறிநோய் வருவது நின்றது. சின்ன நாடான பூடான் தெருநாய்கள் அத்தனைக்கும் கருத்தடை முடித்துவிட்டதாக 2023-ல் அறிவித்தது.

முன்னோடியான சென்னையின் நிலைமை வருத்தம் தருகிறது. 2024-ல் மாநகராட்சி நடத்திய கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 1.81 லட்சம். கருத்தடை ஆனவை 27 சதவீதம். ஜெய்ப்பூர் எட்டிய அளவில் பாதிகூட இல்லை. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நாய்க்கடி 4.80 லட்சம், வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லாத நோய் அது. அந்த 43 குடும்பங்களின் கோபத்தைக் கொச்சைப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. நாய்களை நேசிக்கிறவர்களுக்கு அறவே இல்லை.

அதைப் போன்ற கோபம்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லிப் பகுதித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 11-ல் உத்தரவு வந்தது. பதினோரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே இடத்தில் விடலாம், வெறிநோய் கண்டவையும் ஆக்ரோஷமானவையும் மட்டும் விலக்கு, நினைத்த இடத்தில் சோறு போடக் கூடாது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும் உத்தரவானது. அடுத்த உத்தரவு எப்படி வரும் என்று பதறுகிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கருத்தடை சரியாக நடந்திருந்தால் இந்த வழக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது.

சோறு போடுகிறவர்களுக்கு

தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவரை நினைத்துத் தயிர்சாதம் வைப்பவர்களும், தினமும் ராத்திரி ஸ்கூட்டரில் கோழிக்கால் வேகவைத்துக் கொண்டுவருபவர்களும் என் மரியாதைக்குரியவர்கள். ஆனால் சோறு மட்டும் போட்டு நிறுத்தினால், நன்றாகத் தின்று தெம்பான பெட்டை நன்றாகக் குட்டி போடும். அந்தக் குட்டிகளின் கதியைத்தான் மேலே பார்த்தோம். மாநகராட்சி நாய் வண்டி வந்தால் பல இடங்களில் நாயை மறைப்பவர்களும் இவர்கள்தான். "கொண்டுபோய் எங்கயாவது தள்ளிடுவாங்க" என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மருந்து மறைப்பதல்ல, கூடப் போவது. உங்களைத் தெரிந்த நாய், நீங்கள் கூப்பிட்டால் வரும். வலை வீச வேண்டியதில்லை. படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த மையம், என்ன எண் என்று குறித்துக்கொள்ளுங்கள், விடும் நாளில் நின்று பாருங்கள்.

'ஒரே ஒரு ஈத்து எடுத்தா வாங்கின காசு வந்துடும்' என்று லேப்ரடாரையும் ஹஸ்கியையும் வீட்டில் இணைசேர்ப்பவர்களோடு எனக்குச் சமாதானமே இல்லை. விற்பனைக்கு நாய் இனப்பெருக்கம் செய்யப் பதிவு வேண்டும் என்று 2017 முதல் மத்திய அரசின் விதி இருக்கிறது. பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. இதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றின் ரத்தம் அற்றுப்போகக் கூடாது என்ற கவலை நியாயமானது. அதைப் பதிவு செய்து, பரம்பரை பார்த்து, பொறுப்போடு செய்கிறவர்களிடம் விட்டுவிடுவோம். மாடி வீட்டில் ஒற்றைச் சிப்பிப்பாறை வளர்ப்பவர் அந்தக் கடமையைச் சுமக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டு நாய்க்கு ஆறு மாதம் ஆகிவிட்டதென்றால் இந்த வாரமே டாக்டரிடம் பேசுங்கள். தனியார் கிளினிக் கட்டுப்படியாகாவிட்டால் அரசுக் கால்நடை மருத்துவமனையிலும் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடமும் கேளுங்கள். உங்கள் தெருவில் காது வெட்டுப்படாத பெட்டை எத்தனை என்று ஒரு நாள் சாயந்தரம் எண்ணிப் பாருங்கள். சென்னை என்றால் 1913-ஐக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள். மற்ற ஊர்களில் நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பெட்டைகளுக்கு முதலில், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். குட்டி எடுத்து வளர்க்க ஆசைப்பட்டால் சந்தை மூலையில் கிடக்கும் பெட்டைக் குட்டியைத் தூக்கி வாருங்கள்; தடுப்பூசி போடுங்கள்; வயது வந்ததும் ஆபரேஷனும் செய்துவிடுங்கள்.